கப்பற்பாதையின் மேல் ஒரு வான்பாதை

'சபர்' என்னும் சொல்லுக்கு நம் கடற்கரை ஊர்களில் தனியொரு கனம் உண்டு. ஒருவர் "சபரில் இருக்கிறார்" என்றால், அவர் ஊரில் இல்லை என்பது மட்டுமன்று. ஆண்டுக்கணக்கில் வரமாட்டார் என்பதும் அதனுள் அடங்கும். நாகூர், காரைக்கால், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என எவ்வூரை எடுத்துக்கொண்டாலும் மூன்று தலைமுறைச் சபராளிகள் இல்லாத தெரு அரிது. அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களைக் குறித்து நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அக்கப்பல்களின் இடத்தைத் திருச்சிராப்பள்ளியின் சிறு விமானத்தளம் எவ்வாறு எடுத்துக்கொண்டது என்பதைச் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் சிறு விமானமொன்றில் புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்திறங்கினார். அங்கிருந்து அவருடைய கூட்டாளியான நெவில் வின்சென்ட் அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பெல்லாரிக்கு என்ன அவசியம்? அக்காலத்து விமானம் ஒரே மூச்சில் அத்தனை தொலைவு பறக்க வல்லதன்று. நடுவில் இறங்கி எண்ணெய் ஊற்றிக்கொள்ள வேண்டும். சிற்றூர்கள் பலவற்றுக்கு விமானத்தளம் வாய்த்த கதை இதுதான். 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் டாட்டாவின் தபால் தடம் சென்னையிலிருந்து கொழும்பு இரத்மலானைக்கு நீண்டபோது, திருச்சி அதன் இடைத்தங்கலாயிற்று. விமானங்களின் ஆற்றல் பெருகியதும் பெல்லாரியின் தேவை மறைந்தது. திருச்சியின் தேவையோ மறையவில்லை, பெருகிற்று. ஏன் என்பதே நம் கேள்வி.

விடையின் ஒரு பகுதி இலங்கையில் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், 'சீதா தேவி' எனப் பெயரிடப்பட்ட டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை அது. காங்கேசன்துறை என்று அந்நாளில் குறிக்கப்பட்ட தளம் பலாலிதான். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. சிறிது காலத்தில் கொழும்பு, யாழ்ப்பாணம், திருச்சி என்ற தடமும் உண்டாயிற்று. 1949 டிசம்பரில் அத்தடத்தில் வந்த 'சுனேத்ரா தேவி' என்ற டகோட்டா திருச்சியில் இறங்குகையில் விபத்துக்குள்ளாகி நாசமாயிற்று. நல்வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. விமானம் போனதே தவிரத் தடம் போகவில்லை.

ஆயினும் அந்நாளில் விமானம் ஏறியவர் பெருவணிகரும் அதிகாரிகளுமே. ஏனையோர்க்கு இலங்கை என்றால் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற போட் மெயில். மலாயாவும் சிங்கப்பூரும் என்றால் ரஜூலா. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் அப்பாலும் சென்றது. நாகையில் அது கரையை ஒட்டி நிற்க இயலாது. தோணியில் சென்றுதான் ஏறவேண்டும். தகரப் பெட்டியும் பாய்ச் சுருளும் ஊறுகாய் ஜாடியும் அலையில் ஆடும் தோணியிலிருந்து மேலே ஏற்றப்படுவதைக் கரையில் நின்று பார்த்த பெண்கள், புகை மறையும் வரை வீடு திரும்பமாட்டார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கடற்பயணம் ஒரு வாரம். ஒரு வாரம் என்பது பொருள் ஈட்டச் செல்பவனுக்குப் பெரிதன்று. மரணச் செய்தி கேட்டவனுக்கோ அது முடிவற்ற காலம். நம்மிடையே மையித்தை நெடுநேரம் வைத்திருக்கும் வழக்கம் இல்லை. தந்தை மறைந்தார் என்ற தந்தி சிங்கப்பூர்க் கடையில் பிரிக்கப்படும்போதே இங்கே அடக்கம் முடிந்திருக்கும். அதனால் பலர் புறப்படுவதே இல்லை. பணம் அனுப்பினார்கள், அழுதார்கள், மறுநாள் கடை திறந்தார்கள். விமானத் தடம் என்பது நம் குடும்பங்களுக்கு வசதி மட்டுமன்று என்று நாம் கூறுவது இதனால்தான்.

கடல்வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலையும் எண்பதுகளில் இலங்கைப் போர் நிறுத்திற்று. ரஜூலா எழுபதுகளின் தொடக்கத்தில் ஓய்வுபெற, அதன் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அக்கப்பல் சேவையும் அத்துடன் முடிந்தது. தஞ்சைக் கடற்கரையாருக்கு எஞ்சியது மீனம்பாக்கம். ஒருவரை வழியனுப்ப வேன் பிடித்துப் பன்னிரண்டு பேர் இரவெல்லாம் பயணம் செய்து சென்னை சேர்வதும், விமானம் ஏறியவர் சிங்கப்பூரில் இறங்கிக் குளித்து உணவருந்திய பின்னும் வழியனுப்பியவர்கள் ஊர் வந்து சேராதிருப்பதும் நாம் கண்டு சிரித்த, சலித்த காட்சிகள்.

திருச்சி விரிவடைந்ததற்கு உடனடிக் காரணம் 2003-ஆம் ஆண்டில் வந்தது. ஒரு நாட்டு விமானம் மற்றொரு நாட்டில் இறங்கிப் பயணிகளை ஏற்றுவது வணிகரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. 1944-இல் சிகாகோவில் நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கைக்குப் பின் வளர்ந்த முறைப்படி, இரு அரசுகள் தமக்குள் ஒப்பந்தம் செய்து, எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை இருக்கை என்று எழுதிக்கொள்ள வேண்டும். பட்டியலில் பெயரில்லாத ஊருக்கு எவ்வளவு பெரிய ஓடுபாதை இருந்தும் பயனில்லை. 2003-இல் இந்திய அரசு தென்கிழக்காசிய நாடுகளின் நிறுவனங்களுக்குப் பதினெட்டுச் சுற்றுலாத் தலங்களை எண்ணிக்கை வரம்பின்றித் திறந்துவிட முன்வந்தது. கயா, வாரணாசி, கஜுராஹோ முதலியவற்றுடன் திருச்சியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. திருவரங்கமும் தஞ்சைப் பெரிய கோயிலும் காணச் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்று டில்லியில் கணக்கிட்டிருக்க வேண்டும். வந்தவர்களோ பெரும்பாலும் நம் மாமன் மச்சான்கள்!

2008 டிசம்பரில் மலேசியாவின் ஏர்ஏசியா நிறுவனம் முதன்முதலாக இந்தியாவுக்குப் பறந்தபோது, தேர்ந்தெடுத்தது டில்லியையோ மும்பையையோ அன்று, திருச்சியை. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம். ரஜூலா சென்ற திசையிலேயே, அதே ஊர்க்காரர்களின் பேரர்களைச் சுமந்து அவ்விமானம் பறந்தது. சிங்கப்பூர் நிறுவனமும் வந்தது. பல ஆண்டுகளாகத் திருச்சியில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே மிகுதி. பெரிய விமானத்தளங்களில் இதற்கு நேர்மாறாகவே காண்கிறோம். விமானத்தின் அடிவயிற்றில் காய்கறியும் பூவும் சிங்கப்பூருக்குப் போயின. பயணச்சீட்டின் விலை குறைந்த நாளிலும் தடம் நட்டப்படாதிருக்க இச்சரக்குக் கட்டணம் துணை செய்தது. முருங்கைக்காய்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு என்பதை மறக்கலாகாது.

இதனுடன் சேலத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1993-இல் அங்கே விமானத்தளம் திறக்கப்பட்டது, சேவை நிலைக்கவில்லை. 2009-இல் கிங்ஃபிஷர் வந்து, 2011-இல் போயிற்று. 2018-இல் உடான் திட்டத்தின் உதவியோடு ட்ரூஜெட் வந்து, 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கிற்று. சேலத்தார் பயணம் செய்யாதவர்கள் அல்லர். ஆனால் நல்ல சாலையில் சில மணி நேரத்தில் சென்னையை எட்டக்கூடிய ஊருக்கு விமானம் அத்தியாவசியம் ஆகவில்லை. அரசு உதவித்தொகை சில காலம் விமானத்தைப் பறக்கவைக்கும், இருக்கையை நிரப்பாது.

ஆனால் இருக்கையை நிரப்ப ஆள் இருந்தும் தடம் கிடைக்காத அனுபவம் திருச்சிக்கே உண்டு. எழுபதுகளுக்குப் பின் நம் இளைஞர் கிழக்கைவிட மேற்கே, வளைகுடா நாடுகளுக்குத் திரளாகச் சென்றனர். அமீரகத்தின் நிறுவனங்களுக்குச் சென்னை கிடைத்தது. கொச்சியும் திருவனந்தபுரமும் கிடைத்தன. கோயம்புத்தூருக்கும் ஷார்ஜாவிலிருந்து ஏர் அரேபியா வந்தது. திருச்சியின் பெயரோ ஒப்பந்தப் பட்டியலில் ஏறவில்லை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் துபாய்க்குப் பறந்ததுதான் ஆறுதல். மற்றவர்கள் என்ன செய்தனர்? ஸ்ரீலங்கன் விமானத்தில் தெற்கே கொழும்புக்குச் சென்று, கட்டுநாயக்காவில் காத்திருந்து, பின் மேற்கே ரியாதுக்கும் குவைத்துக்கும் தோஹாவுக்கும் பறந்தனர். பழைய கொழும்புத் தடம் இப்படி வளைகுடாவுக்கு வாசலாயிற்று. காத்திருப்பு நாற்காலியில் இரவைக் கழித்த நம் பிள்ளைகளிடம் கேட்டால் அந்த ஒப்பந்தப் பட்டியலின் பொருளை நன்கு விளக்குவார்கள். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கணக்கில் வைத்துக் கட்டிய திருச்சியின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் எழுப்புவது எளிது. பட்டியலில் ஓர் ஊர்ப்பெயரைச் சேர்ப்பது கடினமாயிருக்கிறது.

எல்லாவற்றிலும் அருகில் இருந்த தடமே நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே வான்வழியில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர்தான். 1978-இல் யாழ்ப்பாணத்துக்கும் இந்தியாவுக்குமான பயணிகள் விமானம் நின்றது. ஏர் சிலோனும் அதையொட்டி மறைந்தது. போர் வந்தது. பலாலி இராணுவத்தளமாயிற்று, சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் 1990-இல் வீடும் தோட்டமும் விட்டு வெளியேறினர். அதே ஆண்டு அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் துரத்தினர்; யாழ்ப்பாணத்தில் தலைமுறைகளாகக் கடை நடத்தியவர்கள் உடுத்த உடையுடன் புத்தளத்துக்கு வந்து குடிசைகளில் வாழ்ந்தனர். தடத்தை உண்டாக்குவது உறவு என்று மேலே கூறினோம். உறவினரே அங்கில்லாதபோது தடத்தைப் பற்றிக் கேட்பார் யார்?

2019 அக்டோபர் 17-ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கியது. நான்கு மாதங்களில் கொரோனா அதை நிறுத்திற்று. 2022 டிசம்பரில் மறுபடியும் பறந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 அக்டோபரில் விடப்பட்டு, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டது.

2025-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் திருச்சியிலிருந்து இண்டிகோவின் ஏடிஆர் விமானம் பலாலிக்குப் பறந்தது. டகோட்டாவைப் போலவே இரண்டு விசிறிகள் சுழலும் சிறு விமானம்தான் அது. பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி. யாழ்ப்பாணத்தில் ஒரு தந்தை கண்மூடினார் என்று காலையில் செய்தி வந்தால், பறக்கும் நாளாக இருப்பின், திருச்சியில் இருக்கும் மகன் அன்றே சென்று பிடிமண் போட்டுவிடலாம்.