ஃபார்ம்வில்: மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத ஐந்தாண்டுகள்

ஒரு சிற்றூரின் அரசு உயர்நிலைப் பள்ளியை மதிப்பிட முனைவோர் முதலில் நாடுவது இரண்டு அட்டவணைகளை: தேர்ச்சி விவரம், மாணவர்களின் சமூகப் பகுப்பு. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என முடிவு கட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த முடிவு எத்துணை அவசரமானது என்பதை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஃபார்ம்வில் என்னும் சிற்றூரின் வரலாறு காட்டுகிறது.

பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தின் தலைநகரான இவ்வூரில், கறுப்பின மாணவர்களுக்கென 1939இல் கட்டப்பட்டது மோட்டன் உயர்நிலைப் பள்ளி. ஏறத்தாழ 180 பேருக்கான அக்கட்டடத்தில் 1951இல் 450க்கும் மேற்பட்டோர் பயின்றனர். உணவுக்கூடமோ உடற்பயிற்சிக்கூடமோ அங்கில்லை. இடநெருக்கடிக்குத் தீர்வாக மாவட்ட நிர்வாகம் எழுப்பித் தந்தவை தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளே.

1951 ஏப்ரல் 23 அன்று, பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயது மாணவியின் தலைமையில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறினர். அவர்கள் முதலில் கோரியது நல்ல கட்டடம் மட்டுமே. வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் இனப்பிரிவினையையே எதிர்ப்பதாயின் வழக்காடுவதாகக் கூறினர். 117 மாணவர்களின் பெயரில் தொடுக்கப்பட்ட அவ்வழக்கு, 1954ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்பில் இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளுள் ஒன்றாயிற்று. அவ்வைந்தனுள் மாணவர் போராட்டத்தில் முளைத்தது இது ஒன்றே.

தீர்ப்புக்கு மாவட்டம் அளித்த மறுமொழி விந்தையானது. இணைந்த பள்ளிகளை நடத்த மனமின்றி, 1959இல் அரசுப் பள்ளிகளுக்கான நிதியையே அது நிறுத்தியது. பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. வெள்ளையினப் பிள்ளைகளுக்கெனத் தனியார் பள்ளி ஒன்று உடனே தோன்றியது. கறுப்பினப் பிள்ளைகளுள் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் தேவாலயங்களில் நடந்த தற்காலிக வகுப்புகளை நாடினர். பலருக்கு எதுவும் வாய்க்கவில்லை. 1963இல் நன்கொடையால் ஓராண்டுக்கு இலவசப் பள்ளிகள் நடந்தன. 1964இல் உச்ச நீதிமன்றம் கிரிஃபின் வழக்கில் தலையிட்ட பின்னரே அரசுப் பள்ளிகள் மீண்டும் திறந்தன.

திறந்த பள்ளிகளில் அமர்ந்தோர் ஏறத்தாழ முழுமையாகக் கறுப்பின மாணவர்களே; வெள்ளையினத்தவர் தனியார் பள்ளியிலேயே தங்கிவிட்டனர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பிள்ளைகளைச் சோதித்தபோது, பள்ளியை இழந்தோரின் கற்றல் அடைவு பின்தங்கியிருந்தது. 1959இல் ஆறு வயதில் முதல் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தைக்கு 1964இல் பதினொரு வயது. அக்குழந்தையின் மதிப்பெண்ணை மட்டும் காண்பவருக்கு மாணவனின் குறை தெரியும். நிதியை நிறுத்திய கை தெரியாது. அந்தப் பள்ளியின் சமூகப் பகுப்பும் தேர்ச்சி நிலையும் ஒன்றுக்கொன்று காரணமல்ல. இரண்டும் ஒரே அரசியல் முடிவின் விளைவுகள்.

கல்வி மறுக்கப்பட்டோர் படிப்பைத் தொடர்வதற்கென வர்ஜீனியா மாநிலம் உதவித்தொகைத் திட்டம் ஒன்றை 2004இல் ஏற்படுத்தியது. அப்போது அந்த ஆறு வயதுக் குழந்தை ஐம்பதைக் கடந்திருந்தது.