திசையறியும் அணிகளும் அவற்றின் சமூகப் பின்னணியும்

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக எழுதும் மரபு இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஒரு காலகட்டத்தில் எக்கேள்வி எழுப்பப்படுகிறது, அதற்கு விடைகாணப் பணம் வழங்குவோர் யாவர் என்பன அம்மரபில் இடம்பெறுவதில்லை. அலையொன்று வரும் திசையைக் கணிக்கும் அணிமுறையின் வளர்ச்சியை இந்நோக்கில் நாம் அணுகலாம்.

1963 ஆகஸ்டில் மொஸ்கோவில் கைச்சாத்தான ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரினடியிலும் அணுகுண்டுச் சோதனைகளைத் தடைசெய்தது. நிலத்தடிச் சோதனைகளை விட்டுவைத்தது. எனவே, தொலைவில் எழுந்த அதிர்வு இயற்கையானதா, வெடியினால் விளைந்ததா, எத்திசையிலிருந்து வந்தது என அறிவது வல்லரசுகளின் அரசியல் தேவையாயிற்று. 1965இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செலவில், மொன்ரானா மாநிலத்தில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் அகன்ற பரப்பில் 525 நடுக்கமானிகள் 21 தொகுதிகளாக நிறுவப்பட்டன.

அணியின் தத்துவம் எளிமையானது. அலை எல்லா மானிகளையும் ஒரே கணத்தில் அடைவதில்லை. அத்தாமத வேறுபாடுகளே திசையைக் காட்டுகின்றன. குறித்தவொரு திசைக்குரிய தாமதங்களை ஈடுசெய்து பதிவுகளைக் கூட்டினால் அத்திசையலை வலுப்பெறும். ஆயின், பிற திசைகளிலிருந்து வரும் வலிய அலைகளும் அக்கூட்டுத்தொகையிற் கலந்துவிடும். லிங்கன் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கேப்பன் 1969இல் வெளியிட்ட முறை இக்குறையை எதிர்கொண்டது. நோக்கும் திசையின் அலையை மாற்றாது காத்து, மொத்த வெளியீட்டு வலுவை இயன்றளவு குறைக்குமாறு ஒவ்வொரு மானியின் பதிவுக்கும் நிறை வழங்கினார் அவர். அந்நிறைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவையல்ல. கிடைத்த பதிவுகளிலிருந்தே பெறப்பட்டவை. (கணினியின்றி இம்முறை ஏட்டளவிலேயே நின்றிருக்கும்.)

கேப்பனின் கட்டுரை தாமதமின்றி வெளியுலகை எட்டியது. தகவமையும் அன்ரனா அணிகள் பற்றி அப்பிள்போம் 1966இல் எழுதிய அறிக்கையோ 1976இலேயே ஆய்விதழொன்றில் அச்சேறியது.

எமது கரைகளுக்கும் இவ்வரலாற்றுக்கும் தொடர்புண்டு. 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவுக்கப்பால் நிகழ்ந்த பூமியதிர்ச்சியின் பிளவு, ஏறத்தாழ எட்டு நிமிடங்களில் வடக்கு நோக்கி 1300 கிலோமீற்றர் பரவியமையை, யப்பானிய நடுக்கமானி வலையமைப்பின் பதிவுகளை ஓரணியாகக் கொண்டு ஆராய்ந்தோர் 2005இல் புலப்படுத்தினர். அவர்கள் கையாண்டது கேப்பனின் முறையன்று. தாமதம் ஈடுசெய்து கூட்டும் பழைய முறையின் வழிவந்ததே. கடலலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. தொலைவிலெழும் அதிர்வை அறியும் ஆற்றல் அன்று இல்லாதிருக்கவில்லை. அவ்வறிவை மீனவக் குடியிருப்பொன்றுக்கு எட்டச்செய்யும் ஏற்பாட்டுக்கே எவரும் முதலிட்டிருக்கவில்லை என்பது எமது கருத்து. பசிபிக் சமுத்திரத்துக்கென ஹவாயில் 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இயங்கிவந்தது. இந்து சமுத்திரத்தில் அன்று அத்தகைய அமைப்பு எதுவும் இருக்கவில்லை.