லயத்து அடுப்பும் முதற் சமையலும்



1951ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. ‘சமைத்துப் பார்’ என்பது அதன் பெயர், எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளமையிலேயே கணவரை இழந்த அவ்வம்மையார் சமையலிற் கைதேர்ந்தவர். மணமாகி வெளியூர்களிற் குடியேறிய உறவினர் வீட்டுப் பெண்கள், சாம்பார் வைப்பது எப்படி, இரசம் கூட்டுவது எப்படி என்று அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டு வந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மறுமொழி எழுதுவதைக் காட்டிலும் நூலாகவே எழுதிவிடலாமே என்று அவருடைய மாமா கூறினார். அந்த யோசனையின் பயனே அந்நூல். புதுமணப் பெண்ணுக்குச் சீர்வரிசையோடு அதனையும் வைத்துக் கொடுப்பது பின்னாளிற் பல வீடுகளில் வழக்கமாயிற்று.

சமைத்தறியாத ஒருவருக்கென எழுதப்பெற்ற நூல் என்பதே அதன் தனிச் சிறப்பு. ‘உப்பு வேண்டிய அளவு, புளி கொஞ்சம்’ என்று சொல்லிப் போகாமல், இத்தனை ஆழாக்கு அரிசிக்கு இவ்வளவு பருப்பு என்று அளவு கூறியது. தாயின் அடுப்படியில் நின்று வளரும் மகளுக்குப் புத்தகம் வேண்டியதில்லை. அவள் கண்ணாற் கற்கிறாள், மூக்காற் கற்கிறாள், சில வேளை சூடுபட்டும் கற்கிறாள். தாய் ஓரூரிலும் மகள் வேறோர் ஊரிலும் வாழத் தொடங்கியபோதுதான், கைப்பக்குவம் காகிதத்தில் ஏறவேண்டிய காலம் வந்தது. இது நம்மவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் எலிசா ஆக்டன் என்ற அம்மையார் 1845இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு பதார்த்தத்திற்கும் வேண்டிய பொருள்களையும் நேரத்தையும் தனியே தொகுத்துக் கொடுத்தார். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஃபனி ஃபார்மர் 1896இல், கரண்டியும் கோப்பையும் தலைதட்டி அளக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். நகரங்கள் பெருகிக் குடும்பங்கள் சிதறிய நாடுகளிலே இத்தகைய நூல்கள் பிறந்தன என்பது நோக்கத்தக்கது.

நமது இலங்கையிலும் 1929இல் ஹில்டா டொய்ட்ரொம் என்பவர் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆங்கிலம் கற்ற இல்லங்களுக்கு அது பயன்பட்டது. தோட்டத்து லயத்துக்கு அத்தகைய நூல் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும், அன்று அதனை வாசிக்க வல்லவர் அங்கே மிகச் சிலரே.

ஆயினும், கற்பிக்க ஆளின்றி அடுப்பின் முன் நின்ற பிள்ளைகள் லயத்தைப்போல் வேறெங்கும் இருந்தார்களா என்பது ஐயமே. பெல்மதுளையிலிருந்து கஹவத்தை வழியாக எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்தது எங்கள் கொடகவெல. ஒரு பக்கம் இறக்குவானை மலைகள், இன்னொரு பக்கம் தாழ்நிலம். தேயிலையும் இறப்பரும் இப்பகுதியில் அடுத்தடுத்து நிற்கும். இங்குள்ள லயங்களின் சமையலுக்கும் ஒரு வரலாறு உண்டு. எழுதப்படாமையால் அஃது இல்லையென்று ஆகிவிடாது.

திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து நம் முன்னோர் வந்தபோது கேழ்வரகும் கம்பும் சோளமும் உண்டவர்களாகவே பலர் வந்தனர். நெற்சோறு அவர்களுட் பலருக்குத் திருநாள் உணவு. தோட்டத்திலோ இறக்குமதியான அரிசியே படியளக்கப்பட்டது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி மூட்டைகள் தோட்டத்துக் களஞ்சியத்தை அடைந்தன. அங்கே அளந்து கொடுக்கப்பட்ட அரிசியின் விலை, பெயரேட்டிற் பதியப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது, நியாய விலையில் அரிசி வழங்குவதும் அதனோடு சேர்த்தே வகுக்கப்பட்டது. ஆகவே கிழமைக்கு எத்தனை கொத்து அரிசி என்பது சமைப்பவள் முடிவு செய்த காரியமன்று. அவள் கைக்கு வருமுன்னரே தீர்ந்துவிட்ட கணக்கு அது.

இனி நேரத்தைப் பார்ப்போம். இறப்பர் மரத்திற் பால் வெட்டுவது விடியற்காலை வேலை. இரவில் மரம் நீரை நிறைய உறிஞ்சி வைத்திருப்பதால், வெயில் ஏறுமுன் வெட்டினாற்றான் பால் நன்கு வடியும். வெயில் ஏறிவிட்டால் இலைகள் நீரை வெளிவிட, பட்டைக்குள் உள்ள அழுத்தம் தணிந்து பால் சுருங்கும். மரத்தின் இந்த இயல்பு வீட்டின் அடுப்பையும் ஆண்டது. பால்வெட்டும் பெண் இருளிலேயே எழுந்து புறப்படவேண்டும். கொழுந்தெடுப்பவளும் பிரட்டுக்களத்தில் நேரத்திற்கு நிற்கவேண்டும். ஒரே காம்பராவில் ஒரே அடுப்பு. இரத்தினபுரி மாவட்டத்து மழையில் நனைந்த விறகு. இந்நிலையில் அரிசியைக் களைந்து, கல் அரித்து, உலை வைத்து, வடித்து, அதற்கொரு கறியும் ஆக்குவதென்றால் அன்றைய வேலை போய்விடும். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் சென்ற தாய், பத்து வயது மகளிடம் அடுப்பையும் விட்டுச் சென்றாள்.

இங்கேதான் கோதுமை மா வருகிறது. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. உணவின் பெரும்பகுதியை வெளியிலிருந்து தருவித்த இலங்கையில் அவ்வாண்டே அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா கூப்பனில் இடம் பெற்றது. போர் முடிந்தும் மா போகவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கீழும் அது வந்தது. யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘அமெரிக்கன் மா’ என்று சொல்லுவது அந்த வரலாற்றின் எச்சமே. அரிசியுண்ணும் நாடு மாவுக்குப் பழகியது உலகப் போர் ஒன்றினால் என்பதை, காலையில் உரொட்டியைப் பிய்க்கும்போது நாம் நினைப்பதில்லை.

எங்கள் மாகாணத்துக்கே உரிய இன்னொரு செய்தியை இவ்விடத்தில் விடுவதற்கு மனம் வரவில்லை. 1952 திசெம்பரில் இலங்கையும் சீனாவும் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தன. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் அரிசி என்பது ஐந்தாண்டு ஏற்பாடு. சப்பிரகமுவையின் விடியற்காலைப் பாலும் அந்தக் கப்பல்களில் ஏறிற்று. பதிலாகச் சீனத்து அரிசி இறங்கிற்று. அவ்வொப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1953ஆம் ஆண்டிலேயே, ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. அரிசி அத்துணை அரசியற் கனம் உடையது. உரொட்டிக்காக அத்தகைய ஹர்த்தால் நடந்ததில்லை. அது சத்தமின்றி லயத்துக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது.

தங்கியதற்குக் காரணம் அதன் எளிமை. புதிதாகச் சமைக்கத் தொடங்குவோர் கேட்டுக் கொள்ளட்டும். இரண்டு சுண்டு கோதுமை மாவுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. தேங்காய் இருந்தால் கைப்பிடி தேங்காய்ப்பூ, இல்லாவிட்டாலும் குறையில்லை. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைந்து, மா கையில் ஒட்டாமல் உருளும் பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பின்னர் மூடி, அரைமணி நேரம் சும்மா இருக்க விடுக. கோதுமையின் புரதம் நீரோடு சேர்ந்து இழுபடுகின்ற பசையாக மாறுகிறது. பிசைந்தவுடன் தட்டினால் அது சுருங்கிக் கொள்ளும், ஊறியபின் இணங்கும். இதனை அறியாதவர்களே ‘எனக்கு உரொட்டி வட்டமாக வராது’ என்று வருந்துவர். உருண்டைகளை விரலாலே தட்டிச் சூடான கல்லில் இட்டு, மிதமான தீயில் இருபுறமும் பழுப்புப் புள்ளி தோன்றும்வரை வேகவைக்க வேண்டும். தீ மிகுந்தால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். தடித்த தோட்டத்து உரொட்டிக்குப் பொறுமையான நெருப்பே வேண்டும். அவசரக்காரர் மெல்லியதாகத் தட்டுக.

உரலும் உலக்கையும் வேண்டாம். முதல்நாள் ஊறப்போட வேண்டாம். ஒரு கல்லும் ஒரு சட்டியும் போதும். துணியில் முடிந்து மலைக்குக் கொண்டு போகலாம். மத்தியானம் வரை கெடாது. காய்ந்த மிளகாய், வெங்காயம், உப்பு ஆகியவற்றை அம்மியில் நைத்துத் தேங்காய்ப்பூவோடு சேர்த்தால் சம்பல். தேங்காய் வாங்க இயலாத நாளில் மிளகாயும் உப்புமே சம்பல் ஆயின. பக்கத்துச் சிங்களக் கிராமத்தார் தேங்காய் சேர்த்துச் சுடும் ‘பொல் ரொட்டி’யும் எங்கள் உரொட்டியும் உடன்பிறந்தவை போல இருக்கும். அவர்களிடமிருந்து கீரையை நறுக்கித் தேங்காயோடு சுருட்டும் ‘மல்லும்’ லயத்துக்கு வந்தது. வல்லாரையோ பொன்னாங்காணியோ கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் கறி அது. பலாக்காயும் மரவள்ளிக் கிழங்கும் இரு சாராருக்கும் பொது. வீதியிற் சண்டை நடந்த ஆண்டுகளிலும் அடுப்புகள் தமக்குள் கொடுக்கல் வாங்கலை நிறுத்தவில்லை என்று துணிந்து கூறுவேன்.

ஆனால், எளிமை என்பதைப் புகழும்போது ஒன்றை மறைத்தல் ஆகாது. யாருக்கு எளிது? பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு எளிது என்பதனாலேயே அந்த வேலை அவள் தலையிற் சுமத்தப்பட்டது. தம்பிக்கு உரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவள் முதற் பாடத்தைத் தவறவிட்டாள். பின்னர் முதற் பாடம் முழுநாளாயிற்று. 1977க்குப் பின் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆசிரியர் வந்தனர், கட்டடம் வந்தது. காலை அடுப்பை மட்டும் எந்தத் திணைக்களமும் பொறுப்பேற்கவில்லை. அண்ணன் உரொட்டி சுட்டால் தங்கை நேரத்தோடு பள்ளிக்கு வருவாள் என்ற சிறு கணக்கை, அதிபர் என்ற முறையிற் பெற்றோர் கூட்டங்களிற் பலமுறை சொல்லி வந்திருக்கின்றேன். சிலர் சிரிப்பர். சிலர் வீட்டில் இப்போது அண்ணனே சுடுகிறான்.

ஒரே உணவை நம்பி வாழ்வதன் ஆபத்தை 1973, 1974ஆம் ஆண்டுகள் காட்டின. உலகச் சந்தையிற் தானிய விலை ஏறியது, அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது, மாவும் தட்டுப்பட்டது. கிராமத்தானுக்கு ஒரு துண்டு வயலோ, வளவில் ஒரு பலாமரமோ இருந்தது. லயத்தானுக்கு நிலம் இல்லை. கூப்பனும் சம்பளமுமே இருந்தன. 1974இல் தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் உயர்ந்ததை அரசாங்கப் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. மலையகத்தில் அக்காலத்தைக் கடந்த முதியவர்கள் மரவள்ளிக் கிழங்கைக் கண்டால் இன்றும் ஒரு கணம் மௌனமாவதுண்டு. 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியபின் மா எளிதிற் கிடைத்தது. எனினும் கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மா விலை பன்மடங்கு ஏறியபோது, முதலில் அடிபட்டது மீண்டும் அந்த லயத்து உரொட்டிக்கல்லே.

வெள்ளை மா வயிற்றை நிறைக்கும். உடலைக் கட்டப் போதாது. மூன்று பங்கு கோதுமை மாவோடு ஒரு பங்கு குரக்கன் மா சேர்த்துப் பிசைந்தால் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் கூடும். குரக்கன் என்பது நம் பாட்டன்மார் ஊரில் உண்ட கேழ்வரகேதான். அவர்கள் கடலுக்கு அப்பால் விட்டு வந்ததாக எண்ணிய தானியம் இங்கே கொடகவெலச் சந்தையிலும் விற்கிறது. சம்பலோடு நிறுத்தாமல் ஒரு பிடி பருப்பையும் மஞ்சளோடு அவித்துக் கொள்ளலாம். பருப்பு வேகுமுன் உப்பிடாதிருந்தால் விரைவில் மசியும் என்பார்கள் பெரியவர்கள்.

இப்பொழுது புதிய தலைமுறை ஒன்று முதன்முறையாக அடுப்பின் முன் நிற்கிறது. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்று, வாடகை அறையில் நால்வராகத் தங்கும் எங்கள் பிள்ளைகள் அவர்கள். மீனாட்சி அம்மாளுக்குக் கடிதம் எழுதிய மணப்பெண்களின் நிலையே இவர்கள் நிலையும். இவர்களுடைய பாட்டிமார் ‘கையளவு, கண்ணளவு’ என்று சொல்லுவர். அரிசிக்குத் தண்ணீர் ‘விரலில் ஒரு கணு’ என்பர். யாருடைய கை, எந்த விரல் என்று கேட்டால் நகைப்பர். ஆகவே எங்கள் மேல்வகுப்பு மாணவர் சிலரிடம் ஒரு வேலை கொடுத்தோம். பாட்டி பிசையும்போது, கைப்பிடி மாவைச் சட்டியில் விழுமுன் சுண்டில் வாங்கி அளக்க வேண்டும். தண்ணீரையும் அவ்வாறே அளக்க வேண்டும். கண்டதை அப்பியாசக் கொப்பியில் எழுத வேண்டும். ஆண்பிள்ளைகளும் எழுதுகின்றனர். முதற் பக்கத்தில் உரொட்டி இருக்கிறது. இரண்டாம் பக்கத்திற் சம்பல். மூன்றாவதில் மரவள்ளிக் கிழங்கு. ஒரு பாட்டியின் கைப்பிடி இன்னொரு பாட்டியின் கைப்பிடியைவிடக் கால் சுண்டு கூடுதலாக இருந்தமையால், எந்த அளவை எழுதுவது என்று வகுப்பில் இரண்டு நாளாக வாதம் நடந்து கொண்டிருக்கிறது.