செயலிக் கண்காணிப்புத் தரவு சேகரிப்பான்களின் வரலாறு

தரவு சேகரிப்பான் என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளின் நிலை குறித்த தகவல்களைத் திரட்டி, சேமிப்பிடத்துக்கு அனுப்பும் இடைநிலை மென்பொருள் ஆகும். மதுரையில் ஒருவர் இணையவழியில் தொடர்வண்டிப் பயணச்சீட்டு எடுத்தால், அந்த ஒரு கோரிக்கை பல வழங்கிகளைக் கடந்து செல்கிறது. தாமதம் எங்கே ஏற்பட்டது என அறியச் சேகரிப்பான் உதவுகிறது. ஆனால் பழுது நேரும்போதுதான் பிழைச் செய்திகள் பெருகுகின்றன. நினைவகம் போதாத சேகரிப்பான், மிகவும் தேவைப்படும் அந்த நேரத்திலேயே நின்றுவிடக்கூடும். எனவே அதை எங்கே வைப்பது, எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்பவை இத்துறையின் அடிப்படைக் கேள்விகளாக உள்ளன.

தொடக்க காலம்

எஸ்.என்.எம்.பி. எனப்படும் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை 1988-இல் வெளியானது. இதில் ஒவ்வொரு கருவியிலும் உள்ள சிறு முகவர் நிரல் எண்ணிக்கைகள் போன்ற தகவல்களை வைத்திருக்கும். மைய மேலாளர் அவ்வப்போது கேட்டுப் பெறும். 1996-இல் தொடங்கப்பட்டு, சென்னையில் வளர்ந்த அட்வென்ட்நெட் நிறுவனம் இந்நெறிமுறைக்கான மென்பொருள்களை உருவாக்கியது. அது 2009-இல் சோகோ எனப் பெயர் மாறியது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு செயலிக் கண்காணிப்பு மென்பொருள்களையும் வழங்குகிறது.

டோபியாஸ் ஓட்டிகர் 1999-இல் வெளியிட்ட ஆர்.ஆர்.டி.டூல், கோப்பின் அளவை முதலிலேயே வரையறுத்தது. பழைய அளவீடுகள் சராசரிகளாகச் சுருக்கப்பட்டதால் கோப்பு வளரவில்லை.

மாதிரி எடுத்தல்

கூகுள் 2010-இல் விவரித்த டாப்பர் அமைப்பில், ஒவ்வொரு வழங்கியிலும் ஒரு சேகரிப்பு நிரல் இயங்கியது. அதன் முதல் பதிப்பு 1024 கோரிக்கைகளுக்கு ஒன்றை மட்டுமே பதிவு செய்தது. சுமை குறைந்தது, ஆனால் அரிதான பிழைகள் விடுபட வாய்ப்பிருந்தது.

இன்றைய முறை

ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் ஆகிய திட்டங்கள் 2019-இல் இணைந்து ஓப்பன்டெலிமெட்ரி உருவானது. இதன் சேகரிப்பானைச் செயலிக்கு அருகில் முகவராகவோ, பல வழங்கிகளுக்குப் பொதுவான நுழைவாயிலாகவோ அமைக்கலாம். கோரிக்கை முடிந்த பிறகு எதைச் சேமிப்பது என முடிவு செய்ய வேண்டுமானால், அதன் எல்லாத் துண்டுகளும் ஒரே நுழைவாயிலுக்கு வந்து, அதுவரை நினைவகத்தில் காத்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நொடிக்கு 1000 துண்டுகள், ஒவ்வொன்றும் 2 கிலோபைட், காத்திருப்பு 30 நொடி எனக் கொண்டால், தரவுக்கு மட்டும் ஏறத்தாழ 60 மெகாபைட் தேவை. அனுப்பும் வரிசைக்கும் நிரலின் இயக்கத்துக்கும் இதற்கு மேலும் இடம் வேண்டும்.

மதுரைச் சமவெளியின் கண்மாய்களுடன் இதை ஒப்பிடலாம். நீர் மிகுந்தால் கலிங்கு வழியே வெளியேறும். கலிங்கு இல்லையேல் கரை உடையும். அதுபோல, ஓப்பன்டெலிமெட்ரியின் நினைவக வரம்பி, வரம்பை நெருங்கியதும் புதிய தரவை மறுக்கிறது. அனுப்பியவர் மீண்டும் முயலாவிட்டால் அத்தரவு இழக்கப்படும். ஆனால் சேகரிப்பான் தொடர்ந்து இயங்கும். ஆகவே சராசரிச் சுமையை அல்ல, பழுது நேரத்தின் உச்சச் சுமையைக் கொண்டே நினைவகம் கணக்கிடப்பட வேண்டும்.