கறையா, சாயமா? 'ஸ்டெயின்' என்னும் ஆங்கிலச் சொல்லும் காளத்தித் துணியும்

முன்னுரை

'ஸ்டெயின்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் இன்று நம் நினைவுக்கு வருவது கறை. சட்டையில் சிந்திய குழம்பும் பெயரில் விழுந்த பழியும் அச்சொல்லுக்குள் அடங்கும். ஆனால் 1700இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய துணித் தடைச் சட்டத்தில் இதே சொல் வேறு பொருளில் நிற்கிறது. கிழக்கிந்தியப் பகுதிகளில் தீட்டியும் சாயம் தோய்த்தும் அச்சிட்டும் 'ஸ்டெயின்' செய்தும் வந்த பருத்தித் துணிகளை உள்நாட்டில் உடுத்தக் கூடாது என்றது அச்சட்டம். அங்கே அச்சொல் ஒரு தொழிலின் பெயர்.

மறைந்துபோன அந்தத் தொழிற்பொருள், காளத்தி எனப்படும் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம் என்னும் எழுதுகோல் கொண்டு துணியில் செய்யும் கலம்காரியில் நடப்பதை 'ஓவியம்' என்ற சொல்லைவிடத் துல்லியமாகக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பெயர் பிழைத்தால் செய்முறை மறைகிறது. செய்முறை மறைந்த இடத்தில் போலி புகுகிறது.

1. சொல்லின் இரு வேர்கள்

இச்சொல் இரண்டு வழிகளில் ஆங்கிலத்துக்கு வந்ததாகச் சொற்பிறப்பு அறிஞர் கொள்வர். ஒன்று, பழைய நோர்ஸ் மொழியில் வண்ணம் பூசுதலைக் குறித்த வினை. மற்றொன்று, பழைய பிரெஞ்சின் வழியே வந்த, நிறத்தை நீக்குதல் என்னும் பொருளுடைய வினை. பின்னதன் அடியில் இருப்பது 'டிங்கெரே' என்ற லத்தீன் சொல். அதற்குத் தோய்த்தல், சாயமிடுதல் என்று பொருள். 'டிண்ட்', 'டிஞ்ச்', மருந்துக் கடையில் வாங்கும் 'டிஞ்சர்' எல்லாம் அதன் கிளைகளே. நிறம் ஏற்றுவதும் நிறம் கெடுப்பதும் ஆகிய முரண்பட்ட இரு செயல்கள் ஓர் ஒலிவடிவத்துக்குள் வந்து சேர்ந்தன.

இடைக்கால லண்டனில் முதற்பொருளே தொழிலில் நின்றது. மரத்திலும் உலோகத்திலும் கல்லிலும் வண்ணம் பூசியவர்கள் ஒரு சங்கம். துணியில் உருவங்களைச் சாயமாக ஏற்றியவர்கள் மற்றொரு சங்கம். பின்னவர்களுக்கு 'ஸ்டெயினர்' என்று பெயர். 1502இல் இரு சங்கங்களும் இணைந்தன. இணைந்த சங்கம் இன்றும் இரு தொழிற்பெயர்களையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. பூசுதல் வேறு, ஏற்றுதல் வேறு என்ற தெளிவு அத்தொழிலாளரிடம் இருந்தது. பூசிய வண்ணம் பரப்பின்மேல் படலமாகத் தங்கும். ஏற்றிய நிறம் பொருளுக்குள் இறங்கும்.

நெசவு, கண்ணாடி, மரவேலை ஆகிய தொழில்களில் இந்தப் பொருள் ஓரளவு பிழைத்தது. பொதுவழக்கிலோ, 16ஆம் நூற்றாண்டிலிருந்து மாசு, இழுக்கு என்ற பொருளே ஓங்கியது.

2. தடைச்சட்டமும் சாயவேரும்

17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் துணி ஐரோப்பாவைக் கவர்ந்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. துவைத்தாலும் அதன் நிறம் போகவில்லை. பருத்தி நூலில் சிவப்பை நிலைநிறுத்தும் நுட்பம் அன்றைய ஐரோப்பியச் சாயத் தொழிலாளருக்குக் கைவரவில்லை. விற்பனை பெருகியதும் அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். பிரான்ஸ் 1686இல் தடை விதித்து 1759 வரை நீட்டித்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் செய்தது. ஆங்கிலச் சட்டம் ஒன்றுக்கு நான்கு வினைகளை அடுக்கியது தற்செயல் அன்று. துணியில் நிறம் எவ்வழியே வந்தாலும் தப்பக் கூடாது என்று வலை விரித்தவர்கள், அந்த வழிகளின் வேறுபாட்டை அறிந்தே இருந்தார்கள்.

இந்த வணிகத்தோடு காளத்திக்கும் தொடர்புண்டு. 1639இல் இன்றைய சென்னையின் கடற்கரையை ஆங்கிலக் கம்பெனிக்கு அளித்த தாமர்ல நாயக்கர் குடும்பமே பின்னாளில் காளஹஸ்தி ஜமீனை ஆண்டது. துணி வாங்குவதே கம்பெனி அங்கே இடம் தேடியதன் முதன்மை நோக்கம்.

இத்துணிகளின் சிவப்புக்கு மூலப்பொருள் சாயவேர். இம்பூறல் என்ற பெயரில் சித்த மருத்துவம் அறிந்த சிறுசெடியின் வேர் அது, தெலுங்கில் சிரிவேரு. கடலோர மணற்பாங்கில் நன்றாக வளரும். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி சாயம் என்ற நம் சொல்லையே ஆங்கில வழக்காகப் பதிவு செய்திருக்கிறது. வில்லியம் ராக்ஸ்பரோ தம் சோழமண்டலத் தாவர நூலின் முதல் தொகுதியில் (1795) இச்செடியைப் படத்துடன் விளக்கினார்.

இச்சாயமிடும் நுட்பத்தை விரிவாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர் கேர்து பாதிரியார். புங்கனூர் வரை பரவியிருந்த ஏசு சபையின் கர்நாடக மிஷனைச் சேர்ந்த அவர், 1742இல் எழுதிய கடிதத்தில் கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர் ஆகியவற்றின் வரிசைமுறையை அடுக்கிக் காட்டினார்.

1868இல் கிரேபே, லீபர்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இருவர் அலிசாரின் என்னும் நிறப்பொருளை ஆய்வகத்தில் உண்டாக்கினர். சாயவேரின் சிவப்புக்கும் அதுவே அடிப்படை. ஆலைச் சாயம் சந்தைக்கு வந்ததும் சாயவேர் தோண்டும் தொழில் நலிந்தது.

3. காளத்தியில் நடப்பது என்ன?

ஸ்ரீகாளஹஸ்தி 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. நலிந்திருந்த கலம்காரியை மீட்க, கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் அகில இந்தியக் கைவினை வாரியம் 1957இல் இங்கே பயிற்சி மையம் தொடங்கியது. ஜொன்னலகட்டா லட்சுமையா அதில் ஆசிரியர். அவர் மகன் குரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

செய்முறையின் வரிசையே நம் வாதத்துக்குச் சான்று. கஞ்சி நீக்கிய பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பொருள் நூலில் பிடிக்கும்; பாலின் கொழுப்பு, கோடு பரவாமல் காக்கும். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டால் கிடைக்கும் கரைசல் 'கசிம்'. மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி நூல் சுற்றிய கலத்தை அதில் தோய்த்துக் கோடு இழுக்கிறார்கள். கசிம் தன்னளவில் கருமை அன்று. துணியில் உள்ள கடுக்காயைத் தொட்ட பிறகே இரும்பும் துவர்ப்பொருளும் கூடிக் கறுக்கின்றன.

சிவப்பில் இது இன்னும் தெளிவு. சிவக்க வேண்டிய இடங்களில் கலைஞர் இடுவது படிகாரக் கரைசல், அதற்கென்று நிறமில்லை. துணியைக் காயவைத்து, ஓடும் நீரில் அலசி, வேரும் பட்டையும் இட்ட கொப்பரையில் கொதிக்க வைக்கும்போதுதான், படிகாரம் பட்ட இடம் சிவக்கிறது. பிற இடங்களில் ஒட்டிய மங்கல் நிறம் அலசி வெளுக்கையில் போய்விடும். ஆக, கலத்தின் வேலை நிறம் எங்கே பிடிக்க வேண்டும் என்று துணிக்குக் குறித்துக் கொடுப்பது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒருபுறம் நூலையும் மறுபுறம் சாய மூலக்கூற்றையும் பற்றிக்கொள்கிறது. வேதியியல் பாடநூல்கள் இதை நிறமூன்றி என்கின்றன.

ஆறும் இச்செயலில் ஒரு கருவி. பொன்முகலி என்று தமிழர் அறிந்த சுவர்ணமுகியின் ஓடும் நீர், ஒட்டாத படிகாரத்தை உடனே அடித்துச் செல்லும். தேங்கிய நீரில் அது பக்கத்து இடங்களில் படிந்துவிடும், அங்கும் சிவக்கும். நீரின் தன்மை மாறினால் நிறமும் மாறும்.

இதே வேதியியல் மருத்துவத்திலும் இருக்கிறது. திசுத்துண்டை நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் ஆய்வகங்களில் ஹீமடாக்சிலின் என்ற மரச்சாயத்தைப் படிகாரத்துடன் சேர்த்தே செல்லின் உட்கருவுக்கு நிறம் ஏற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கும் 'ஸ்டெயின்' என்றே பெயர். தமிழ்ப் பாடநூல் எழுதியோர் இதைக் கறைப்படுத்தல் என்று மொழிபெயர்க்கவில்லை. சாயமேற்றல் என்றே சொன்னார்கள். அந்தத் தேர்வு சரியானது. அது கலம்காரிக்கும் பொருந்தும்.

4. தமிழ் தரும் சான்று

தமிழில் கறை என்ற சொல்லும் பழிச்சொல்லாக மட்டும் பிறந்ததன்று. கருமை, நஞ்சு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. நஞ்சுண்ட சிவனைக் கறைமிடற்றான் என்று போற்றும் மரபில் கறை ஓர் அணி. காளத்தி சிவத்தலம் என்பதால் இப்பொருள் அங்கே இன்றும் அயலானதன்று. துவர் என்ற சொல் இன்னும் நேரான சான்று. அது நாவில் படும் சுவையையும் குறிக்கும், சிவப்பு நிறத்தையும் குறிக்கும். துறவியரின் செந்நிற உடை துவராடை. துவர்க்கும் காயும் பட்டையும் துணிக்கு நிறம் தரும் என்ற தொழிலறிவு இந்தப் பொருள் விரிவின் பின்னணியில் இருப்பதாகக் கொள்வது பொருத்தம்.

பேச்சுவழக்கிலும் பாகுபாடு தெளிவு. சாயம் பிடிக்கும், ஏறும், விடும், வெளுக்கும். ஒருவரின் உண்மைக் குணம் வெளிப்பட்டால் சாயம் வெளுத்துவிட்டது என்கிறோம். பிடித்ததா, ஒட்டியதா என்று துவைத்துப் பார்த்தால் தெரியும் என்ற அனுபவமே இவ்வழக்கை உண்டாக்கியிருக்கிறது.

5. எதிர்வாதமும் விடையும்

கையால் வரைவதுதானே கலம்காரி, அதை ஓவியம் என்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். இராமாயண, பாரதக் காட்சிகளைக் கட்டம் கட்டமாக அமைக்கும் திறன் ஓவியத் திறனே; அதை மறுப்பதற்கில்லை. மேலும் காளத்தியில் நீலமும் மஞ்சளும் இறுதியில் கலத்தாலேயே இடப்படுகின்றன; அவுரி நீலத்துக்குப் படிகாரமும் தேவையில்லை. எனவே எல்லா நிறமும் ஒரே வழியில் வருவதாகச் சொல்ல முடியாது. ஆனால் இக்கலையின் அடையாளமாகிய கருங்கோடும் சிவப்பும் ஏற்றப்பட்டவை. அவுரியும் படலமாக நிற்பதன்று. இழைக்குள் சென்று தங்குவது. வரைவது இக்கலையின் ஒரு பாதி. மறுபாதி வேதியியல். ஓவியம் என்ற பெயர் முதற்பாதியை மட்டும் சொல்கிறது.

இதன் விளைவு சந்தையில் தெரிகிறது. கலம்காரி என்பது ஒரு வரைபாணி என்றாகிவிட்டால், ஆலைத் துணியில் திரைஅச்சாக வந்த மயிலும் கலம்காரிதான், அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டிய கண்ணப்பரும் கலம்காரிதான். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. 2021இல் தமிழ்நாட்டின் கருப்பூர்த் துணிக்கு அதே குறியீடு கிடைத்தபோது, பெயரிலேயே ஓவியம் என்ற சொல் சேர்ந்தது. ஊரின் பெயரைக் காக்கும் குறியீடு செய்முறையையும் காக்க வேண்டுமானால், கடுக்காய், கசிம், படிகாரம், கொதி, அலசல் என்னும் படிகளை அதன் இலக்கணத்தின் மையத்தில் வைக்க வேண்டும்.

முடிவுரை

'ஸ்டெயின்' என்ற சொல் தன் தொழிற்பொருளை இழந்து பழிச்சொல்லானது. கலம்காரியும் ஓவியம் என்ற பொதுப்பெயருக்குள் தன் சாயப் பொருளை இழந்து வருகிறது. அருங்காட்சியகப் பட்டியல்களும் ஆய்வேடுகளும் பள்ளிப் பாடங்களும் கலம்காரியை இனிச் சாயமேற்றும் கலை என்று வகைப்படுத்த வேண்டும். நிறமூன்றியால் பிடித்த நிறம் இல்லாத துணியை, அதில் எவ்வளவு அழகான உருவம் இருந்தாலும், காளத்திக் கலம்காரி என்று ஏற்கக் கூடாது.