விழுங்கு கருவிகளின் இருப்பிடம் அறிதல்

வாய்வழி விழுங்கப்பட்டு, உணவுப்பாதையைக் கடந்து மலத்துடன் வெளியேறும் சிறு மின்னணு மருத்துவக் கருவி, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உடலின் எப்பகுதியில் இருக்கிறது என்பதைக் கண்டறியும் முறைகள் இத்தலைப்பின்கீழ் அடங்கும். அந்த இடத்தை இரு வகையாகக் குறிக்கலாம்: வயிற்றுச் சுவரை அடிப்படையாகக் கொண்டு நீளம், அகலம், ஆழம் என அளப்பது ஒன்று, குடல் என்னும் குழாயின் வழியே கருவி எவ்வளவு தொலைவு வந்துள்ளது என்று சொல்வது மற்றொன்று. பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் வயிற்றறைக்குள் மடிந்து கிடப்பதோடு, தன் சுருக்கங்களாலும் மூச்சின் ஏற்ற இறக்கத்தாலும் ஓயாது இடம் மாறிக்கொண்டும் இருப்பதால், முதல் அளவு துல்லியமாகக் கிடைத்தாலும் இரண்டாவது அதிலிருந்து தானே கிடைத்துவிடுவதில்லை. பொறியாளர்கள் பெரும்பாலும் முதலாவதையே அளந்துவந்துள்ளனர். குடல்நோய் மருத்துவர்களுக்கு வேண்டியிருந்ததோ இரண்டாவது.

டிரான்சிஸ்டரின் வரவால் விழுங்கத்தக்க வானொலி அனுப்பிகளைச் செய்வது இயன்றபின், 1957இல் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பல குழுக்கள் அவற்றை வெளியிட்டன. ஸ்டுவர்ட் மக்கேயும் சுவீடனின் பெர்ட்டில் யாக்கோப்சனும் தம் கருவியை 'நேச்சர்' இதழில் விவரித்தனர். அமெரிக்காவில் ஜான் ஃபேரரும், தொலைக்காட்சி நுட்பத்தின் முன்னோடியான விளாதிமிர் சுவோரிகினும் குடலின் அழுத்தத்தை அளக்கும் கேப்சூலை உருவாக்கினர். கிழக்கு ஜெர்மனியில் மான்ஃபிரெட் ஃபான் ஆர்டென்னும் இதே முயற்சியில் இருந்தார். இக்கருவிகளில் அழுத்தம் மாறும்போது அலைவரிசை சற்று நகரும். வெளியிலுள்ள ஏற்பி அந்த நகர்வைப் பதிவுசெய்யும். கருவி எங்கிருக்கிறது என்று பார்க்க எக்ஸ்-கதிரே உறுதியான வழியாக இருந்தது. ஆயினும் பல மணி நேரம் நீளும் பயணத்தை முழுவதும் எக்ஸ்-கதிரால் தொடர்வது நோயாளிக்குத் தகாது. மருந்தாய்வுகளில் பின்னர் பயன்பட்ட காமா கதிர்ப்படமுறையும், அதாவது ஏறத்தாழ 6 மணி நேர அரையாயுள் கொண்ட டெக்னீசியம்-99எம் போன்ற கதிரியக்கப் பொருளை மாத்திரையில் வைத்துக் கேமராவால் பின்தொடரும் முறையும், அளவாகவே கையாளத்தக்கது.

அளவீட்டையே அடையாளமாகக் கொள்ளும் வழியும் உண்டு. அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் மதிப்பு இரைப்பையில் மிகத் தாழ்ந்திருந்து, கேப்சூல் முன்சிறுகுடலில் நுழைந்ததும் சட்டென உயர்கிறது. பெருங்குடலின் தொடக்கத்தில், பாக்டீரியாக்களின் நொதித்தலால் உண்டாகும் அமிலங்களின் காரணமாகச் சற்றே இறங்குகிறது. அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்ற ஸ்மார்ட்பில் என்னும் கேப்சூல் இம்மாற்றங்களைக் கொண்டே இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் ஆகியவற்றைக் கடக்கும் நேரங்களைப் பிரித்துக் காட்டியது. குடலின் எந்த உறுப்பு என்பதற்கு மேல் இது எதையும் சொல்லாது என்றாலும், சொல்வதைக் குடலின் வழியே சொல்கிறது என்பதால், பின்வந்த நுணுக்கமான கருவிகள் சிலவற்றைவிட இது மருத்துவரின் கேள்விக்கு நெருக்கமானது.

இடமறியும் தேவையை உண்மையில் நெருக்கடியாக்கியது, குடலின் உட்புறத்தை விழுங்கிய கேமராவால் படமெடுக்கும் கேப்சூல் எண்டோஸ்கோப்பி. இஸ்ரேலின் பாதுகாப்புத் துறைப் பொறியாளர் கவ்ரியேல் இடான், லண்டனின் மருத்துவர் பால் ஸ்வெய்ன் முதலியோர் 2000இல் அறிவித்த இக்கருவி, கிவன் இமேஜிங் நிறுவனத்தின் வழியே 2001இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 11 மில்லிமீட்டர் விட்டமும் 26 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அது, விநாடிக்கு 2 படங்கள் வீதம் பல்லாயிரம் படங்களை வெளியே அனுப்பியது. அவற்றுள் ஒன்றில் இரத்தக் கசிவு தெரிந்தால், அடுத்த சிகிச்சைக்கான எண்டோஸ்கோப்பை வாய் வழியே செலுத்துவதா, ஆசனவாய் வழியே செலுத்துவதா என்று உடனே முடிவெடுக்க வேண்டும். வயிற்றின்மேல் ஒட்டப்பட்ட 8 உணரிகளில் எதில் சமிக்ஞை வலுவாக உள்ளது என்பதைக் கொண்டு கணினி கேப்சூலின் பாதையை ஒரு தளத்தில் வரைந்தது. 2004இல் வெளியான ஆய்வின்படி சராசரிப் பிழை 37.7 மில்லிமீட்டர். சுருள்கள் அடுத்தடுத்து ஒட்டிக்கிடக்கும் சிறுகுடலில் இப்பிழை ஒன்றைவிட்டு மற்றொரு சுருளையே காட்டிவிடக்கூடும். நீர் நிறைந்த திசுக்கள் வானொலி அலையை உறிஞ்சுவதும், தசை, கொழுப்பு, காற்று ஆகியவற்றில் அலையின் வேகம் வெவ்வேறாக இருப்பதும் பிழைக்குக் காரணங்கள். ஆகவே நடைமுறையில் மருத்துவர்கள் வரைபடத்தைவிட, முன்சிறுகுடலின் முதல் படத்திலிருந்து பெருங்குடலின் முதல் படம் வரையிலான நேரத்தில் எத்தனை பங்கு கழிந்தபோது புண் தெரிந்தது என்ற கணக்கையே நம்பினர். கேப்சூல் சீரான வேகத்தில் செல்லும் என்னும் எடுகோளின்மேல் நிற்கும் கணக்கு இது. ஒரே வளைவில் நெடுநேரம் தங்கிவிடும் கேப்சூல்கள் அதை அடிக்கடி பொய்யாக்கின.

காந்தப்புலத்தை உடல் ஏறக்குறையத் தடையின்றிக் கடக்கவிடுவதால் ஆய்வாளர் பலர் அப்பக்கம் திரும்பினர். 1990களில் பெர்லினில் வெர்னர் வைட்ஷீஸ் முதலியோர், காந்தமேற்றிய மாத்திரையை மீக்கடத்து உணரிகளால் பின்தொடர்ந்தனர். சிறு காந்தத்தின் புலம் தொலைவு இரு மடங்காகும்போது எட்டில் ஒன்றாகக் குறைந்து புவிக்காந்தத்தில் மறைந்துவிடுவதால், வெளிக்காந்தம் புகாத தனியறை அதற்குத் தேவைப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசானில் 2001இல் விவரிக்கப்பட்ட அமைப்போ, மலிவான ஹால் உணரிகளின் வரிசையால், காந்தத்தின் இடத்துக்குரிய மூன்று அளவுகளையும் சாய்வுக்குரிய இரண்டு கோணங்களையும் கணித்தது.

அதன்பின் இம்முறை தலைகீழாக்கப்பட்டது: புலத்தைக் கேப்சூல் உண்டாக்காமல், உடலுக்கு வெளியிலுள்ள மின்கம்பிச் சுருள்கள் உண்டாக்கும் புலத்தைக் கேப்சூல் அளந்து தெரிவிக்கும். சுருளிலிருந்து தள்ளத் தள்ளப் புலம் ஒழுங்காக மெலிவதால், அளந்த வலிமையே இடத்தைக் காட்டிவிடுகிறது. இடத்துக்கேற்ப மாறும் காந்தப்புலத்தைக் கொண்டு எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதும் இத்தகைய தத்துவத்தாலேயே. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 2023இல் 'நேச்சர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழில் வெளியிட்ட கருவி பன்றிகளில் சோதிக்கப்பட்டு, 10 மில்லிமீட்டருக்குள்ளான துல்லியத்தில் இடத்தைக் காட்டியது. சுருள்களை மேற்சட்டையிலோ கழிப்பறையிலோ பொருத்தலாம் என்பது ஆய்வாளர் கருத்து. சுருள்கள் ஒவ்வொரு முறையும் உடலுக்கு ஒரே நிலையில் அமையா என்பதால், விழுங்கிய உணரியுடன் உடலின் வெளியே இன்னோர் உணரியையும் வைத்து, இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே அவர்கள் கணக்கில் எடுத்தனர்.