தூத்துக்குடி மக்ரூன்: மெனு கார்டு இல்லாத வரலாறு

எந்தக் கடைக்குப் போனாலும் காகித மெனுவைக் கேட்டு வாங்கிட்டு வர்றது என் பழக்கம். ரெட்ரோ பர்கர் கடைகள்ல புது மெனுவையே பழசு மாதிரி அச்சடிச்சுத் தர்றாங்க. தூத்துக்குடியில நான் போன பழைய பேக்கரியில மெனுவே கிடையாது. மக்ரூன் வச்சுக் கொடுத்த அட்டைப்பெட்டியைத்தான் ஃபைல்ல சேர்த்தேன்.

முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. அவ்வளவுதான். நுரைக்க அடிச்சு, கூம்பு கூம்பாப் பிழிஞ்சு, மெல்லிய சூட்டில் வேகவைக்கணும். ஈரக்காத்து பட்டா நமத்துடும். (கடற்கரை ஊர்ல இதைச் செய்யத் தனி தைரியம் வேணும்!)

'போர்ச்சுகீசியர் கொடுத்தது'ன்னு பலரும் சொல்றாங்க. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தவங்க அவங்க. பிரேசில் முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அவங்கதான். ஆனா மரம் வந்ததுக்கான சாட்சி, பலகாரம் வந்ததுக்குச் சாட்சி ஆகாது. 1658-ல் டச்சுக்காரங்க ஊரைப் பிடிச்சாங்க, 1825-ல் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. 'மக்ரூன்'ங்கிற பேரு ஆங்கில உச்சரிப்புக்கு நெருக்கமா இருக்கு. என் ஓட்டு ஆங்கிலேயர் காலத்துக்கே.

ஐரோப்பிய மக்ரூன்ல வழக்கமா பாதாம்தான். அதை எடுத்துட்டு முந்திரியைப் போட்டது, என் கணிப்பில், இங்க அடுப்படியில வெந்துகிட்டு நின்ன நம்ம ஆட்கள். அவங்க பேரு என் பெட்டியில இல்ல.